கருகமணி

இருபது துணித்துண்டு, ஒரு மெழுகுவத்தி,
ஒரு இடுக்கி, ஒரு எவர்சில்வர் தட்டு.
டிசைன் வகுப்பில் கொடுத்த வேலை இதுதான்:
ஊரில் கிடைப்பதைக் கொளுத்தி
இழையின் பெயரைக் கண்டுபிடி.

என் ஊர் பர்கூர்.
கிடைக்காத துணி எது இங்கே?
ஞாயிற்றுக்கிழமை, சம்பங்கி அண்ணன் கடையில்
கிலோ கணக்கில் விற்கிற வெட்டுத்துண்டு மூட்டைமேல்
நோட்டை விரித்து உட்கார்ந்தேன்.
"கடையக் கொளுத்திப்புடாத தாயே" என்று
ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

பருத்தி எரிந்தது, பழைய பரீட்சைத் தாள் வாசத்தில்.
ஊதினால் பறக்கிற சாம்பல்.
பட்டு, சீப்பில் சிக்கிய முடியைப்
பொசுக்கினாற்போல் நாறி
சுடரை எடுத்ததும் தானே அணைந்தது.
விஸ்கோஸ் பொய்க்காரி.
மரக்கூழில் பிறந்தவள், பருத்தியின் வாசத்தை
அப்படியே பூசிக்கொண்டு வருகிறாள்.
நைலானுக்குச் செலரி வாசம் என்கிறது புத்தகம்.
செலரியை நான் மோந்ததில்லை.
"கீரையா அது?" என்றார் சம்பங்கி அண்ணன்.
அவரைக் கொடியைப் பச்சையாய்க் கொளுத்தின மாதிரி
என்று எழுதிக்கொண்டேன்.

பிறகு, ஏழாவது கட்டிலிருந்து ஒரு துண்டு.
தீயைக் கண்டதும் பின்வாங்கியது,
கூனிக் குறுகி, உருகி,
கரும்புகை விட்டு, தட்டில் சொட்டிக்
கெட்டி மணியாய் உறைந்தது.
நகத்தால் நசுக்கினேன். நகம்தான் வலித்தது.
பாலியஸ்டர்.
இன்னும் முப்பது இருந்தால்
கருகமணி கோத்துக் கழுத்தில் போடலாம்.

அந்தக் கட்டின்மேல் ஒரு அட்டை,
சம்பங்கி அண்ணனின் கையெழுத்து:
சுத்தமான காட்டன்.
நான் மணியைப் பார்த்தேன்.
அவர் அட்டையைப் பார்த்தார்.
பிறகு இரண்டு பேரும் ஃபேனைப் பார்த்தோம்.

அந்த நேரம் பார்த்து மாதப்பன் வந்தான்.
பத்தாவதுவரை என் வகுப்பு,
இப்போது கிரானைட் பட்டறையில் அறுக்கிற மிஷின்.
நேராக ஏழாவது கட்டில் கை வைத்தான்.
"அது காட்டன் இல்லடா" என்றேன்,
படிப்பின் முழுத் திமிரோடு.

"தெரியுமே. அதுக்குத்தான் வர்றேன்.
பிளேடு ஓடுற வரைக்கும் தண்ணி அடிக்கும்.
காட்டன் போட்டா ஷிப்ட் முழுக்க
ஈரக் கோணிய சொமக்கணும்.
இது, சோறு தின்னு கை கழுவறதுக்குள்ள காஞ்சிடும்."

சம்பங்கி அண்ணன் அட்டையை
மெல்லத் திருப்பி வைத்தார்.

ஈரம் ஏற்பது நூற்றுக்கு அரைகூட இல்லை:
மனப்பாடம் செய்திருக்கிறேன்,
"குறைகள்" என்ற தலைப்பின் கீழே,
இரண்டு மதிப்பெண்ணுக்கு.

தட்டிலிருந்து மணியை எடுத்துக் காட்டினேன்.
அவன் சிரிக்கவில்லை. வலது கையை நீட்டினான்.
முழங்கைக்குக் கீழே மிளகளவு தழும்பு.
"பக்கத்து ஷெட்டுல வெல்டிங். ஒரே ஒரு பொறி.
துணி ஒட்டிக்கிச்சு.
பிச்சேன், தோலோட வந்துச்சு."

நோட்டில் இருபதாவது கட்டம் காலியாய் இருந்தது.
துண்டு ஒட்ட வேண்டிய அந்த இடத்தில்
ஒரு சட்டை வரைந்தேன்.
மார்புக்கும் முதுகுக்கும் சீக்கிரம் காயும் இழை,
அக்குளில் கண்ணறை வைத்த பின்னல்,
முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை கனத்த பருத்தி.
பொறி விழுந்தால் ஒட்டாமல்
சாம்பலாய் உதிரட்டும்.

மாதப்பன் எதிரில் நின்று தலைகீழாகப் பார்த்தான்.
"அப்ப கை மட்டும் நனைஞ்சே கெடக்குமே?"
என்னிடம் பதில் இல்லை.
ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.
"போனுக்குப் பாக்கெட்டு? தண்ணி படாத மாதிரி?"
அழித்தேன். திரும்ப வரைந்தேன்.

சம்பங்கி அண்ணன் பின்கட்டுக்குப் போய்
எதையோ உருட்டித் தள்ளிவிட்டு
மடித்த நீலத் துணியொன்றோடு வந்தார்.
"குடைத் துணி. சொட்டு எறங்காது."
அட்டையில்லாத கட்டு.
என்னவென்று சொல்லாமல்
மெழுகுவத்தியை என் பக்கம் நகர்த்தினார்.